சின்னத்திரைக்கு அடுத்த படி எங்கே?

மைசூர் நகரத்துத் தமிழ்க் குடும்பங்கள் கூடிய பொங்கல் விழா ஒன்றில் சிறுவர்க்கான கதை சொல்லும் போட்டி நடந்தது. நடுவர் இருக்கையில் நாங்கள் மூவர் அமர்ந்திருந்தோம். முதலில் வந்த சிறுவர் சிலர் பெற்றோர் எழுதிக் கொடுத்ததை மனப்பாடமாக ஒப்பித்தனர். நரியும் காக்கையும் வந்தன. முயலும் ஆமையும் வந்தன. எல்லாக் கதைகளின் முடிவிலும் நீதி ஒன்று தவறாமல் வந்தது. பின்னர் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி மேடையேறினாள். அவள் கையில் தாள் இல்லை. நாள்தோறும் தொலைக்காட்சியில் தான் காணும் கார்ட்டூன் வீரன் ஒருவனை அவள் தேவராஜ மார்க்கெட்டுக்கு அழைத்து வந்தாள். மார்க்கெட்டின் முன்னுள்ள சின்ன மணிக்கூண்டின் அடியில் சிறு கதவு ஒன்று இருக்கிறதென்றும், அதன் சாவி இருக்குமிடம் பூக்காரப் பாட்டி ஒருத்திக்கு மட்டுமே தெரியுமென்றும் சொன்னாள். கதவுக்குள் நடந்தவற்றை அவள் சொல்லச் சொல்ல, மண்டபத்திலிருந்த குழந்தைகள் நாற்காலிகளை விட்டெழுந்து மேடையருகே வந்து நின்றுவிட்டனர். அவள் சொன்னது அத்தனையும் தங்குதடையில்லாத தமிழ்.

அச்சிறுமிக்கு நாங்கள் பரிசு தரவில்லை. 'இது கார்ட்டூன் கதை. தமிழ்க் கதை அன்று' என்பது எங்கள் மூவரின் ஒருமித்த தீர்ப்பு. ஆறுதல் பரிசாக நீதிநூல் ஒன்றின் உரைப் புத்தகத்தை அவள் கையில் கொடுத்தோம். அவள் அன்னையார் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில், "ஐயா, இவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராதுங்க" என்றார். அந்தச் சொல் அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை. படிக்கத் தெரியாத குழந்தைக்குப் படிக்க முடியாத நூலைப் பரிசளித்தோம். அவளுக்கு இயல்பாக வந்த கதையையோ தள்ளுபடி செய்தோம். தமிழ் வளர்க்கக் கூடிய அவையில் தமிழுக்கு இதனினும் பெரிய தீங்கு வேறு யார் செய்ய முடியும்?

இக்கட்டுரையில் நாம் வழக்காட வந்திருப்பது அச்சிறுமியின் சார்பாக. குற்றம் அவள்மீது இல்லை. அவள் கண்ட கார்ட்டூன்மீதும் இல்லை. சின்னத்திரையில் ஏறி நிற்கும் குழந்தைக்கு அடுத்த படியாகத் தமிழ்ப் புத்தகம் ஒன்றை அமைத்துக் கொடுக்காத நம்மீதுதான் குற்றம். பிற மொழியார் அப்படியை அமைத்திருக்கின்றனர். நம் மொழியிலும் முன்னாளில் அது இருந்தது. நாமே அதை இடிந்துவிழ விட்டுவிட்டுத் தொலைக்காட்சியைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஓர் அமெரிக்கச் சான்று

கார்ட்டூன் என்றாலே முகஞ்சுளிக்கும் பெரியோர்கள் சூசன் காலின்ஸ் என்ற அம்மையாரின் வரலாற்றைச் சற்றே கேட்க வேண்டும். அவர் 1962இல் அமெரிக்காவில் பிறந்தவர். தந்தையார் விமானப்படை அலுவலர். ஆதலின் அக்குடும்பம் ஊர்விட்டு ஊரும் நாடுவிட்டு நாடும் பெயர்ந்து வாழ்ந்தது. பிழைப்புக்காக ஊர் மாறும் குடும்பத்துக் குழந்தையின் மனம் எப்படிப்பட்டது என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. நாடக எழுத்தில் பட்டம் பெற்ற அவர் 1991 முதல் சிறுவர் தொலைக்காட்சிக்கு எழுதினார். 'லிட்டில் பேர்', 'ஆஸ்வால்ட்' முதலிய மழலையர் கார்ட்டூன் தொடர்களில் அவர் பணி உண்டு. 'கிளிஃபர்ட்ஸ் பப்பி டேஸ்' என்ற தொடருக்குத் தலைமை எழுத்தாளராகவும் இருந்தார். கரடிக் குட்டியும் எட்டுக்கால் கடல்பிராணியும் செந்நிற நாய்க்குட்டியும் பேசுகின்ற கதைகள் அவை. நம் இலக்கிய மேடைகளில் இத்தகைய எழுத்தை எழுத்தென்று ஒப்புவார் எத்தனை பேர்?

தொலைக்காட்சிப் பணியில் உடனிருந்த ஜேம்ஸ் புரோய்மஸ் என்ற சிறுவர் நூலாசிரியர், 'நீங்கள் ஏன் சிறுவர்க்குப் புத்தகம் எழுதக் கூடாது?' என்று தூண்டினார். அவ்வாறு பிறந்ததே 2003இல் வெளியான 'கிரெகர் த ஓவர்லாண்டர்' என்னும் மாயப் புதினம். 2007க்குள் அவ்வரிசையில் ஐந்து நூல்கள் வந்தன. அதற்கு அடுத்த ஆண்டு, 2008இல், 'த ஹங்கர் கேம்ஸ்' வந்தது. உலகமே அவர் பெயரை அறிந்தது. அதற்கு முன்பே ஐந்து நூல்களால் சிறுவர் உள்ளத்தில் அவர் இடம்பிடித்திருந்தார் என்பதே நமக்கு முக்கியம்.

அந்த முதற்கதை பிறந்த விதத்தை அவரே பலவிடத்தும் கூறியிருக்கிறார். ஆலிஸ் என்ற சிறுமி முயல் வளைக்குள் விழுந்து அற்புத உலகம் காணும் பழைய ஆங்கிலக் கதையை அவர் எண்ணிப் பார்த்தார். புல்வெளியும் முயல் வளையும் கண்டறியாத நகரத்துக் குழந்தைக்கு அக்கதை எப்படிப் பொருந்தும்? நியூயார்க் நகரத்துக் குழந்தை விழ வேண்டுமானால் சாக்கடை மூடியின் வழியாகத்தானே விழும்! இந்த எண்ணத்திலிருந்து புதினம் எழுந்தது. கிரெகர் என்ற 11 வயதுப் பையன் அடுக்குமாடிக் கட்டடத்தின் துணி துவைக்கும் அறையில் நிற்கிறான். அவனுடைய 2 வயதுத் தங்கை சுவரிலுள்ள காற்றுத் துளைக்குள் புகுந்து மறைகிறாள். அவளைப் பிடிக்கப் பாய்ந்த அவனும் உள்ளே விழுகிறான். நகரத்துக்கு அடியில் மனிதரும் பெருவௌவால்களும் கரப்பான்களும் எலிகளும் வாழ்கின்ற பாதாள உலகம் ஒன்று விரிகிறது. காணாமற் போன தன் தந்தையை அப்பாதாளத்தில்தான் அவன் தேடிக் கண்டடைகிறான்.

அன்பர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். துணி துவைக்கும் அறையிலிருந்து பாதாளத்துக்கு வழி கண்ட அந்த அம்மையாரும், மணிக்கூண்டின் அடியில் கதவு கண்ட நம் மைசூர்ச் சிறுமியும் செய்த செயல் ஒன்றே. முன்னவரை உலகம் நூலாசிரியர் என்று போற்றியது. பின்னவளை நாங்கள் மேடையிலிருந்து இறக்கி அனுப்பினோம்.

கார்ட்டூன் எழுத்து ஒரு பயிற்சிக்கூடம்

'பொம்மைப் படத்துக்கு வசனம் எழுதியவர் புதினம் எழுதிவிட முடியுமா?' என்று கேட்பார் உளர். முடியும் என்பதோடு, அதற்கு அவரே தகுந்தவர் என்றும் நாம் சொல்வோம். அத்தொழிலின் இயல்பை நோக்குக. அரைமணி நேர நிகழ்ச்சியில் பெரும்பாலும் 11 நிமிடக் கதைகள் இரண்டு இடம்பெறும். அந்த 11 நிமிடத்துக்குள் ஒரு விருப்பம் பிறக்க வேண்டும்; அதற்கு இடையூறு வர வேண்டும்; குழந்தையே எதிர்பாராத வழியில் அது தீரவும் வேண்டும். ஒரு கணம் தொய்ந்தால் குழந்தை வேறு அலைவரிசைக்குப் போய்விடும். 'அவன் மிகவும் வருந்தினான்' என்று எழுதிவிட்டு எழுத்தாளர் தப்பிக்க இயலாது. வருத்தத்தை ஓவியர் எவ்வாறு வரைவார்? ஆகவே உடைந்த பட்டம், உண்ணாத சோறு, திறவாத கதவு என்று ஏதேனும் ஒரு பொருளால் அவ்வருத்தத்தைக் காட்டியாக வேண்டும். இவ்வளவு கண்டிப்பான பள்ளியில் பல்லாண்டு பயின்ற ஒருவர் சிறுவர் புதினம் எழுதினால், அதிகாரந்தோறும் காட்சி தெளிவாக நிற்பதில் வியப்பென்ன?

'த ஹங்கர் கேம்ஸ்' நூலும் இதற்குச் சான்று. 27 அதிகாரங்கள், ஒன்பது ஒன்பதாக மூன்று பகுதிகள், நாடகத்தின் மூன்று அங்கங்களைப் போன்ற கட்டுக்கோப்பு. அதன் கருவும் தொலைக்காட்சியிலிருந்தே கிடைத்ததாக அவர் சொல்லியிருக்கிறார். ஓர் இரவில் அலைவரிசைகளை மாற்றிக்கொண்டிருக்கையில், போட்டி நிகழ்ச்சி ஒன்றும் ஈராக் போர்ச் செய்தியும் மாறிமாறி வந்து அவர் கண்ணில் ஒன்றாய்க் கலந்தனவாம். சிறுவர்கள் ஒருவரையொருவர் கொல்வதை நாடே தொலைக்காட்சியில் வேடிக்கை பார்க்கும் கொடுமையை அப்புதினம் சித்திரித்தது. தொலைக்காட்சியின் தீமையைப் பற்றி நம் விழாக்களில் ஆயிரம் சொற்பொழிவுகள் நிகழ்ந்திருக்கும். ஆயினும் அத்துறைக்குள் வாழ்ந்து அதன் நெளிவுசுளிவு அறிந்த ஒருவர் எழுதிய கதை இளைஞர் உள்ளத்தில் தைத்தது போல, அவற்றுள் எந்தச் சொற்பொழிவு தைத்தது?

நம் வீட்டிலேயே இருந்த படி

அமெரிக்கச் சான்று எதற்கு, தமிழில் இதற்கு மரபுண்டா என்று கேட்கலாம். உண்டு. தொலைக்காட்சி வராத காலத்தில் அதன் இடத்தில் இருந்தது படக்கதை. வாண்டுமாமா என்ற பெயரைச் சொன்னால் ஐம்பதைக் கடந்த அன்பர்களின் முகம் மலரும். புதுக்கோட்டைச் சீமையில் 1925இல் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்தி என்பவரே அவர், 2014இல் மறைந்தார். 'கோகுலம்' இதழிலும், எண்பதுகளில் வந்த 'பூந்தளிர்' இதழிலும் அவர் ஆற்றிய பணியைத் தமிழ்ச் சிறுவர் இலக்கியம் மறக்கவொண்ணாது. அவர் படக்கதைகளும் எழுதினார். மாயமும் மந்திரமும் நிறைந்த நெடுங்கதைகளும் எழுதினார். விஞ்ஞானத்தையும் வரலாற்றையும் சிறுவர்க்கு எளிமையாகத் தந்தார். நூற்றுக்கு மேற்பட்ட நூல்கள் அவர் பெயரில் உண்டு. படக்கதையின் கட்டத்துக்குள் சொல்லைச் சுருக்கிப் பழகிய அதே கைதான் நெடுங்கதையிலும் வாசகச் சிறுவனைப் பக்கம் பக்கமாக இழுத்துச் சென்றது. படம் பார்க்க வந்த குழந்தை எழுத்தைப் படிக்கும் குழந்தையாக மாறியது. இதையே நாம் படி என்கிறோம்.

1947 ஜூலையில் தமிழிலும் தெலுங்கிலும் பிறந்த 'அம்புலிமாமா'வும் அத்தகைய படியே. வண்ணப் படம் கண்ணை இழுக்கும். அடியிலுள்ள எழுத்து கருத்தை இழுக்கும். வேதாளம் மரத்தில் ஏறுவதைப் படத்தில் பார்த்த பிள்ளை, அது கேட்ட கேள்வியை அறிய எழுத்தைக் கூட்டிப் படித்தே தீர வேண்டும். வெளிமாநிலங்களில் வாழ்ந்த தமிழர் பலர், பள்ளியில் தமிழ் இல்லாமலே, அம்புலிமாமாவைக் கொண்டு தமிழ் எழுத்தறிந்தனர். இம்மலரைக் கையில் வைத்திருக்கும் அன்பர்களிலும் அப்படிப்பட்டோர் இருப்பர். இன்று அம்புலிமாமா வருவதில்லை. கோகுலமும் பூந்தளிரும் கடைகளில் தொங்குவதில்லை. இவை ஒவ்வொன்றும் நின்றபோது நாம் 'ஐயோ' என்று ஒரு மூச்சு விட்டதோடு சரி.

அந்த வெற்றிடத்தில் சின்னத்திரை வந்து அமர்ந்தது. 2007இல் தமிழில் 'சுட்டி' அலைவரிசை தொடங்கியது. 2009இல் கன்னடத்தில் 'சிண்டு' தொடங்கியது. ஐதராபாத்தில் உருவாகி 2008 முதல் ஒளிபரப்பான 'சோட்டா பீம்' நாடெங்கும் வீடுகளில் புகுந்தது. நம் மைசூர்க் குழந்தைகளில் பலருக்கு அன்னையின் குரலுக்கு அடுத்தபடி காதில் விழுந்த தமிழ், குரல்மாற்றம் செய்யப்பட்ட கார்ட்டூன் தமிழே. அதை இகழ்வது எளிது. ஆனால் அத்தமிழை யாரோ ஒருவர் அமர்ந்து எழுதியிருக்கிறார் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? வேற்றுமொழிப் பாத்திரத்தின் உதடு இருமுறை அசைந்தால், அந்த இரண்டு அசைவுக்குள் தமிழ்ச் சொல் அடங்க வேண்டும். 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்பது அங்கே நீளும்; 'இதோ!' என்று முடிக்க வேண்டும். வினையைக் கடைசியில் வைக்கும் நம் மொழியில் இஃது எளிய வேலையன்று. அவ்வேலையை நாள்தோறும் செய்பவரின் பெயர் திரையில் வருவது அரிது. இலக்கிய மேடையில் வருவதோ இல்லவே இல்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலையும் கதை நம் கதை. குழந்தைக்கு எழுதத் தெரிந்த தமிழர் தொலைக்காட்சி நிலையங்களின் பின்னறைகளில் இருக்கின்றனர். அவர்களைப் பார்த்து, 'நீங்கள் ஏன் புத்தகம் எழுதக் கூடாது?' என்று கேட்கும் ஒரு நண்பர்தாம் இல்லை.

தடை சொல்வார்க்கு விடை

முதல் தடை: 'மாயக்கதை பொய், மூடநம்பிக்கையை வளர்க்கும்.' பகுத்தறிவில் பற்றுள்ள அன்பர்கள் இதைச் சொல்கின்றனர். அவர்கள் நோக்கத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் மணிக்கூண்டின் அடியில் உண்மையாகவே கதவு இருக்கிறதென்று அச்சிறுமி நம்பினாளா? இல்லை. 'இருந்தால் எப்படியிருக்கும்?' என்று கேட்டாள். விஞ்ஞானியும் அக்கேள்வியிலிருந்துதான் புறப்படுகிறார். இல்லாததை மனத்தால் கட்டிப் பார்க்கும் ஆற்றலுக்கும் உள்ளதை ஆராயாமல் நம்பும் பேதைமைக்கும் வெகுதூரம். விஞ்ஞானம் எழுதிய வாண்டுமாமாவே மாயக்கதையும் எழுதினார் என்பதை நினைவிற் கொள்க.

இரண்டாம் தடை: 'நம் செல்வம் திருக்குறளும் சங்க இலக்கியமும், குழந்தைக்கு அவற்றைத் தருவதை விட்டுக் கார்ட்டூன் கதையா?' குறளின் பெருமையை மறுப்பார் யார்? ஆனால் எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தையிடம் குறளை ஒலியாக மட்டும் உருவேற்றி, மேடையில் ஒப்பிக்கச் செய்து, கைதட்டி அனுப்புவது தமிழ்க் கல்வியாகுமா? விழா முடிந்த மறுவாரம் அக்குழந்தையிடம் பொருள் கேளுங்கள், விடை தெரியும். அடுத்து என்ன நடக்குமோ என்ற ஆவல் உந்தினால் குழந்தை தானாகவே எழுத்தைக் கற்கும்; எழுத்தைக் கற்றபின் குறளுக்கும் வந்து சேரும். மாடியில் இருக்கும் பொருளைக் காட்டிக்கொண்டே படிக்கட்டை இடிப்பது மாடிக்கு வழியன்று.

மூன்றாம் தடை நம் மைசூர்க்கே உரியது: 'இங்கே வாழக் கன்னடம் வேண்டும், பிழைக்க ஆங்கிலம் வேண்டும், மூன்றாவதாகத் தமிழுக்கு நேரமேது?' நம் குழந்தைகள் கன்னடம் நன்கு கற்க வேண்டும். இதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. சோறிட்ட மண்ணின் மொழியை அறியாதவன் அம்மண்ணில் விருந்தாளியாகவே இருந்து மடிவான். ஆனால் கன்னடத்தாரிடம் மொழி மட்டும் கற்றால் போதாது. குழந்தைக்கு எழுதும் பண்பையும் கற்க வேண்டும். இதே மைசூரில் வாழ்ந்த மகாகவி குவெம்பு, ஊரெங்கும் எலி பெருகிய பழைய ஐரோப்பியக் கதையைக் குழந்தைகளுக்காகக் கன்னடத்தில் பாடினார். ஜெர்மானிய நகரமான ஹாமலினை ஐரோப்பாவிலேயே விட்டுவிடாமல், துங்கை ஆற்றங்கரைப் பொம்மனஹள்ளியாக்கித் தம் மண்ணுக்குக் கொண்டுவந்துவிட்டார். பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய பெரும்புலவர், எலிக்கதை பாடுவது தம் தகுதிக்குக் குறைவென்று எண்ணவில்லை. நம் புலவர்களுக்கு மட்டும் ஏன் இந்தக் கூச்சம்?

மைசூர் மண்ணில் கதைக்கா பஞ்சம்?

தமிழ் வீட்டில் பிறந்து மைசூரில் வாழ்ந்த ஆர். கே. நாராயண், 1935இல் 'சுவாமியும் நண்பர்களும்' என்ற நாவலால் ஒரு சிறுவனை உலகுக்கு அறிமுகம் செய்தார். மால்குடி என்ற இல்லாத ஊரை இருப்பது போலவே படைத்தார். சங்கர் நாக் அதனை 1986இல் தொலைக்காட்சித் தொடராக்கினார். தம்பி லட்சுமணின் கோட்டோவியங்கள் அத்தொடரை அணிசெய்தன. யாதவகிரியில் அவர் கட்டி வாழ்ந்த இல்லம் 2016 முதல் நினைவகமாக நிற்கிறது. நம் விருந்தினரை நாம் பெருமையோடு அங்கே அழைத்துச் செல்கிறோம். ஆனால் அவர் எழுதியது ஆங்கிலத்தில். அதனை நாம் குறையாகச் சொல்லவில்லை. எம்மொழியில் எழுதுவதென்பது எழுத்தாளரின் உரிமை. நாம் கேட்பதெல்லாம் ஒன்றே: தமிழ் வீட்டுச் சிறுவன் ஒருவன் இம்மண்ணில் நடந்து திரியும் கதையைத் தமிழிலேயே எழுத, அவருக்குப் பின் இத்தனை ஆண்டுகளில் நாம் யாரைத் தூண்டினோம்?

கருவுக்குப் பஞ்சமா? மைசூரிலிருந்து ஒரு பகற்பொழுதில் போய்வரக்கூடிய தலக்காட்டை நினையுங்கள். காவிரிக் கரையில் மணலுக்குள் புதைந்த கோயில்கள்! திருவரங்கப்பட்டணம் 1610இல் உடையார் வசமான பின், அலமேலம்மா என்ற பெண்மணி நகைகளோடு காவிரியில் பாய்ந்தாள் என்பதும், தலக்காடு மணலாகட்டும் என்று சபித்தாள் என்பதும் மக்கள் வழங்கும் கதை. அந்த மணலுக்கு இன்னும் பழைய கதை ஒன்றுண்டு. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் அவ்வூரைக் கைப்பற்றி இராசராசபுரம் என்று பெயரிட்டனர். நூறாண்டு கழித்துப் போசள வேந்தன் விஷ்ணுவர்த்தனன் அதை மீட்டான். அங்கே தமிழ்க் கல்வெட்டுகளும் உள்ளன. சுற்றுலா சென்ற தமிழ்ச் சிறுமி ஒருத்தியின் செருப்பு மணலில் புதைகிறது. எடுக்கக் குனிந்தவள் கையில் எழுத்துப் பொறித்த கல் தட்டுப்படுகிறது. அவ்வெழுத்தைப் படித்தால்தான் கதவு திறக்கும். அவளுக்கோ தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. இதற்கு மேலும் ஒரு கரு வேண்டுமா? நியூயார்க்கின் காற்றுத் துளைக்குச் சற்றும் குறையாத வழி, நம் காலடி மணலிலேயே கிடக்கிறது.

கல்வெட்டு என்றதும் வேறொன்று நினைவுக்கு வருகிறது. தொல்லியல் துறையின் கல்வெட்டியல் கிளை 1966இல் உதகையிலிருந்து மைசூருக்கு வந்தது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் இங்கே கேட்பாரற்றுக் கிடக்கின்றன என்று தமிழுலகம் கொதித்தது, வழக்கு நடந்தது, 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றைச் சென்னைக்கு மாற்ற ஆணையிட்டது. கல்லில் எழுதிய தமிழுக்காக நீதிமன்றம் வரை சென்றது நன்றே. அப்படிகள் நம் முன்னோரின் குரல். ஆனால் இதே மைசூரில் உயிருள்ள தமிழ்க் குழந்தைகள் ஆண்டுதோறும் எழுத்தறியாமல் வளர்கின்றனரே, அவர்களுக்காக எந்த மன்றத்தில் வழக்குத் தொடுத்தோம்? கல்லைக் காத்துவிட்டு அதைப் படிக்கும் கண்ணை இழந்தால், காத்ததன் பயன்தான் என்ன?

செய்ய வேண்டுவன

புலம்பலோடு நிறுத்துவது நம் நோக்கமன்று. நம் கைக்கெட்டிய செயல்கள் சில உள. முதலாவது, நம் போட்டிகளின் விதியை மாற்றுவோம். ஒப்பித்தலுக்கு ஒரு பரிசு இருக்கட்டும். குழந்தை தானே கட்டிய கதைக்கு அதனினும் பெரிய பரிசு இருக்கட்டும். அக்கதையில் கார்ட்டூன் வீரன் வந்தாலும் வரட்டும். அவன் மைசூர்த் தெருவில் தமிழ் பேசிக்கொண்டு நடந்தால் அவனும் நம்மவனே.

இரண்டாவது, இத்தகைய மலர்களுக்கு விளம்பரங்களால் வரும் பொருளில் ஒரு பகுதியை ஒதுக்கி, ஆண்டுக்கு ஒரு சிறுவர் புதினமேனும் வெளியிடுவோம். அதனை எழுதக் கார்ட்டூனுக்கும் குரல்மாற்றத்துக்கும் படக்கதைக்கும் எழுதிப் பழகிய ஒருவரை நாடுவோம். மாலையும் பொன்னாடையும் போதா. உழைப்புக்கு உரிய ஊதியம் தருவோம். எழுத்து பெரிதாக, அதிகாரம் சிறிதாக, அதிகாரந்தோறும் முடிவில் ஒரு கேள்வி தொக்கி நிற்பதாக நூல் அமையட்டும்; படங்களும் இருக்கட்டும். அந்நூல் கன்னடத்திலும் வந்தால் அடுத்த வீட்டுக் குழந்தையும் அதே கதையைப் படித்து நம் குழந்தையோடு பேசும்.

மூன்றாவது செயலுக்குப் பொருட்செலவே இல்லை. இரவு உணவுக்குப் பின் ஒரு கால்மணி நேரம் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்துவிட்டுப் பெற்றோர் ஓர் அதிகாரத்தை உரக்கப் படிக்கட்டும். கதை முறுக்கேறிய இடத்தில், 'இன்றைக்கு இவ்வளவுதான்' என்று புத்தகத்தை மூடிக் குழந்தையின் தலைமாட்டில் வைத்துவிடட்டும். மறுநாள் மாலை வரை பொறுக்க மாட்டாமல் ஒரு குழந்தை அப்புத்தகத்தைத் தானே திறந்து, 'க' எது, 'கா' எது என்று பாட்டியைக் கேட்கத் தொடங்குமானால், நம் ஆண்டுவிழாக்கள் அனைத்தும் சேர்ந்து செய்யாத வேலையை அந்த ஒரு புத்தகம் செய்துவிடும்.

அடுத்த பொங்கலுக்கு அச்சிறுமிக்கு வயது பத்து. பதினொன்று, பன்னிரண்டு என்று ஆண்டுகள் ஓடிவிடும். அதன்பின் மணிக்கூண்டுக்கு அடியில் கதவு இருப்பதாக அவள் சொல்லமாட்டாள். சொன்னாலும் ஆங்கிலத்தில் சொல்வாள். நாம் கைதட்டிவிட்டு, 'தமிழில் எழுதுவார் இல்லையே' என்று அடுத்த மலரில் கட்டுரை எழுதுவோம். அந்நிலை வாராமல் காக்க நமக்குச் சில ஆண்டுகளே எஞ்சியுள்ளன. அன்று அவளுக்குத் தவறான நூலைக் கொடுத்த கைகளுள் இக்கட்டுரை எழுதும் கையும் ஒன்று. அவள் திறந்த கதவுக்குள் அவளோடு இறங்கிச் செல்லும் தமிழ்ப் புதினம் ஒன்றை அவள் கையில் கொடுக்கும் வரை, நம் கடன் தீர்ந்ததாகாது. மைசூர்த் தமிழ்க் குடும்பங்கள் யாவும் இக்கடனில் பங்கேற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.